250 வாட்டில் சிறுமலை: 112 கிலோ எடைக்கு மோட்டார் தேடிய கதை

என் எடை 112 கிலோ. சைக்கிள், பேட்டரி, மோட்டார் சேர்ந்து 26 கிலோ. தண்ணீர், டூல்ஸ், காற்றடிக்கும் பம்பு, மழைக்கோட்டு எல்லாம் ஒரு ஏழு. ஆக 145 கிலோ. மோட்டார் வாங்கப் போகும் முன் இந்த 145 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதியிருந்தால் 15,800 ரூபாயும் ஒன்றரை வருடமும் மிச்சமாகியிருக்கும்.

போன மாதம் திண்டுக்கல் பக்க அடிவாரத்தில் புறப்பட்டு, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித் தள்ளாமல் ஏறி முடித்தேன். ஏற்றிவிட்டது 250 வாட் மோட்டார். இதற்கு முன் அதே மலையில் என்னைப் பாதியில் விட்டதும் 250 வாட் மோட்டார்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு 1000 வாட் மோட்டாரும் வாங்கிப் பார்த்துத் தோற்றேன். என்னைப் போல எடை உள்ள யாராவது ஏற்றத்துக்கு மின்சைக்கிள் கட்ட நினைத்தால் பயன்படட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

காரைக்குடிக்காரனுக்கு மலை எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பக்கம் செம்மண் பொட்டலும் கண்மாய்க் கரையும்தான். குன்றக்குடியில் குன்று இருக்கிறது, திருமயத்தில் பாறை இருக்கிறது, இரண்டும் படி ஏறிப் போகிறவை. சைக்கிளுக்கு ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். ஆனால் என் மனைவியின் தம்பிக்குச் சிறுமலையில் சின்னதாக ஒரு எலுமிச்சைத் தோட்டம் உண்டு. முட்டி தேய்மானம் என்று டாக்டர் நடையைக் குறைத்து சைக்கிள் மிதிக்கச் சொன்னார். மிதிப்பது என்று ஆனபின், அந்தத் தோட்டத்துக்கு ஒரு நாளாவது சைக்கிளிலேயே போக வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

முதல் மோட்டார்: பின்சக்கரத்துக்குள்

என்னிடம் இருந்தது 26 அங்குலச் சக்கரம் வைத்த ஸ்டீல் பிரேம் கியர் சைக்கிள். முன்னால் 44 பல், பின்னால் 14 முதல் 28 வரை ஏழு கியர். இரண்டு பக்கமும் 160 மி.மீ. டிஸ்க் பிரேக்.

இணையத்தில் வாங்கியது 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் கிட். சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே மோட்டார் உட்கார்ந்திருக்கும் வகை. பேட்டரி இல்லாமல் 11,500 ரூபாய். பேட்டரி தனியாகக் கட்டி வாங்கினேன்: 36 வோல்ட், 13 ஆம்பியர் அவர், 17,500 ரூபாய். பத்து செல் தொடராக, ஐந்து செல் இணையாக. முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும். மூன்று முயற்சிகளில் முதலும் கடைசியும் இதே பேட்டரியில்தான் ஓடின. நல்ல செல் கேட்டு வாங்கியது மட்டும் ஆரம்பத்தில் நான் சரியாகச் செய்த காரியம். (எங்கள் ஊர் சிக்ரி மின்வேதியியலுக்கென்றே 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த ஆராய்ச்சிக் கூடம். அதன் மதில் ஓரமாக மின்சைக்கிள் ஓட்டிப் போகும்போது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.)

பொருத்துவது சுலபம். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் கிரீஸ் சொட்டக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. அதனால் பின்கட்டில் சாக்கு விரித்துச் செய்தேன். சக்கரம் மாட்ட, கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கட்ட, ஒயர் இணைக்க ஒரு பகல். சமதரையில் அருமையாக ஓடியது. பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்தால் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். மேம்பாலத்திலும் முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. அதை வைத்து மலையும் ஏறும் என்று நம்பினேன்.

சைக்கிளைக் குட்டி யானையில் ஏற்றி திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போனோம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி பழனிக்கு நடந்துபோகும் வழி அது. அடிவாரத்தில் இறக்கி மிதிக்க ஆரம்பித்தேன். இரண்டு வளைவு வரை பரவாயில்லை. மூன்றாவதில் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு வந்தது, நான்காவதில் 6. மோட்டாரின் சத்தம் ஒரு சுதி இறங்கி உறுமலாக மாறியது. வார்னிஷ் கருகுகிற வாடை வந்தது. அப்புறம் ‘கடகட’ என்று ஒரு சத்தம். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை.

வீட்டில் கழற்றிப் பார்த்தேன். மூடியில் ஆறு திருகு. உள்ளே மூன்று வெள்ளை நைலான் பல்சக்கரங்கள். இரண்டில் பல் வெண்ணெய் மாதிரி வழிந்திருந்தது. பல்சக்கர செட்டும் கிரீஸும் 1,800 ரூபாய். மாட்டிக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை ஒவ்வொரு வளைவிலும் பத்து நிமிடம் நின்று ஆறவிட்டு ஒன்பதாவது வரை வந்தேன். அங்கே மோட்டார் திக்கித் திக்கி நின்றுவிட்டது. மல்டிமீட்டர் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மோட்டாரின் காந்தம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று ஹால் சென்சாரில் இரண்டு 0வுக்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறிக் காட்டின, மூன்றாவது அசையவே இல்லை. சூட்டில் செத்துவிட்டது.

இரண்டாவது மோட்டார்: வாட்டைக் கூட்டிய தப்பு

அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: 250 போதவில்லை, 1000 போடுவோம். ஒருவரிடம் 48 வோல்ட், 1000 வாட் ஹப் மோட்டார் பழையது 9,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இதில் நைலான் பல்லே கிடையாது. காந்த வளையம் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றும். உடைய ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் வாங்கினேன். கையில் தூக்கும்போதுதான் அதன் கனம் உறைத்தது, சமையல் காஸ் அடுப்பைத் தூக்குகிற மாதிரி.

வாங்கியபிறகுதான் சட்டத்தைப் படித்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. 1000 வாட்டோடு பொதுச் சாலையில் இறங்கினால் பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் கேட்கும். இதை வாங்கும் முன் படியுங்கள்.

சரி, வாங்கியாயிற்று, பார்த்துவிடுவோம் என்று மைத்துனர் தோட்டத்துக்குள் இருக்கும் மண்பாதையில் மட்டும் ஓட்டினேன். 48 வோல்ட் பேட்டரி நண்பருடையது. அந்தப் பாதையின் சரிவு 100க்கு 10. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் வாட் மீட்டர் வைத்திருந்தேன். குண்டும் குழியுமான பாதை, 8 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. அந்த வேகத்தில் மீட்டர் 640 வாட் காட்டியது. பாதை ஏறுவதற்குத் தேவையானதைக் கணக்குப் போட்டு, என் கால் தருவதைக் கழித்தால், மோட்டார் உண்மையில் சக்கரத்துக்குக் கொடுத்தது சுமார் 270. மீதி 370 வாட்டும் குடத்துக்குள் சூடாகத் தங்கியது. ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியைச் சக்கரத்துக்குள் வைத்து மூடிய மாதிரி. பதினோரு நிமிடத்தில் வெளி ஓடே 78 டிகிரி. நிறுத்திவிட்டேன்.

“அத்தான், மோட்டார் பெருசாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் திணறுது?” என்று மைத்துனர் கேட்டார். எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாருக்கு ஒரே ஒரு கியர். நான் 8 கிலோமீட்டரில் போனால் அதுவும் 8 கிலோமீட்டருக்கான சுற்றுதான் சுற்ற முடியும். மெதுவாகச் சுற்றிக்கொண்டே முழு பலத்தையும் கொடு என்றால் அது மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு. நாமே மேட்டில் டாப் கியரில் மிதித்தால் தொடை எரிகிறதே, அதேதான்.

அந்த மோட்டாரை 6,500க்கு விற்றேன். வாங்கியவரிடம் விஷயத்தைச் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் தன் பட்டறை வளாகத்துக்குள் தள்ளுவண்டி ஓட்டுவதற்கு வாங்கினார். சமதரைக்கு அது நல்ல மோட்டார்.

மலையை அளந்தது

மூன்றாவது தடவை எதையும் வாங்குவதற்கு முன் சரிவை அளக்கப் போனேன். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனாரிடம் ஒரு மீட்டர் நீள ரசமட்டம் இரவல் வாங்கினேன். அதைச் சாலையில் ஏற்றத்தின் போக்கிலேயே வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்க வேண்டும். அந்த முனைக்கும் தார் ரோட்டுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால், எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீதம் சரிவு. ஒரே இடத்தில் மூன்று தடவை வைத்துச் சராசரி எடுத்தேன், ஏனென்றால் ரோட்டின் மேடு பள்ளம் ஏமாற்றும்.

எங்கள் ஊர் மேம்பாலம் 4 சதவீதம். சிறுமலைப் பாதையில் நான் வைத்துப் பார்த்த நேர்ப் பகுதிகள் பெரும்பாலும் 7, 8. கொண்டை ஊசி வளைவின் உள்பக்க ஓரம் ஒரு இடத்தில் 14. அதே வளைவை வெளிப்பக்கமாகச் சுற்றினால் 9. இந்த ஒரு அளவே பிறகு எனக்கு நிறைய உதவியது. எதிரில் வண்டி வரவில்லை என்று நன்றாகத் தெரிந்தால் மட்டும் வளைவை அகலமாக எடுப்பேன். தெரியாவிட்டால் இடது ஓரத்திலேயே, 14 ஆனாலும்.

இனி கணக்கு. 145 கிலோவை 8 சதவீதச் சரிவில் ஏற்றினால் பின்னால் இழுக்கும் விசை 145இல் 8 சதவீதம், அதாவது 11.6 கிலோ. டயர் உருள்வதற்கு ஒரு ஒன்றரை. மொத்தம் 13 கிலோ. சக்கரத்தின் சுற்றளவை நான் ஏறி உட்கார்ந்து, சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அளந்தேன்: 2.05 மீட்டர். ஆள் உட்காராமல் அளந்தால் கூடுதலாக வரும், என் எடையில் டயர் அமுங்குகிறது. இந்தச் சக்கரத்தில் 13 கிலோ விசைக்குத் தேவையான முறுக்கு, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம், 42 நியூட்டன் மீட்டர். 14 சதவீத ஓரத்தில் 70. என் முதல் மோட்டாரின் தாளில் உச்ச முறுக்கு 35 என்று இருந்தது. வாங்கும்போது அந்த வரியை நான் படிக்கவே இல்லை. வாட்டை மட்டும் படித்தேன்.

வாட் கணக்கையும் போட்டேன். 8 சதவீதத்தில் மணிக்கு 9.6 கிலோமீட்டர் வேகத்தில் போக மொத்தம் 340 வாட் வேண்டும். என்னால் மூச்சு வாங்காமல் மணிக்கணக்கில் 100 வாட் மிதிக்க முடியும். மீதி 240. அப்படியானால் 250 வாட் மோட்டார் போதும்! அது 9.6 கிலோமீட்டரில் அந்த 240ஐச் சூடாகாமல் கொடுக்க முடிந்தால் போதும். அதற்கு அது தனக்குப் பிடித்த வேகத்தில் சுற்ற வேண்டும், சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்ற வேண்டும். நடுவில் கியர் வேண்டும்.

இந்தக் கணக்கு முடிந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பால்கணக்கு நோட்டின் பின் அட்டையில் போட்டது. இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது: பெடலுக்கு நடுவில்

மிட் டிரைவ் என்கிற நடு மோட்டார், பெடல் அச்சு இருக்கும் குழாய்க்குள் போய் உட்காரும். அது சுற்றுவது முன்பல் சக்கரத்தை. அங்கிருந்து பலம் செயின் வழியாகப் பின் கியருக்குப் போகிறது. நாம் கியர் மாற்றினால் மோட்டாருக்கும் சேர்த்தே மாறுகிறது. தனியாக வாங்கிப் பொருத்தக் கிடைப்பவற்றில் பஃபாங், டோங்ஷெங் இரண்டும் பலரும் பயன்படுத்துபவை. டோங்ஷெங் வகையில் நாம் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று அளக்கும் சென்சார் உண்டு. என் முட்டிக்கு அழுத்தி மிதிப்பதே ஆகாது, லேசாகச் சுற்றினாலே மோட்டார் வேலை செய்ய வேண்டும். அதனால் பஃபாங்கின் 36 வோல்ட், 250 வாட் மாடலை எடுத்தேன். தாளில் 80 நியூட்டன் மீட்டர், கன்ட்ரோலர் 15 ஆம்பியர். வந்து சேர 33,000 ரூபாய் ஆனது. மூன்றில் இதுதான் விலை அதிகம்.

பொருத்துவதில் அரை நாள் வீணாகப் போனது. பழைய பெடல் அச்சை எடுக்க வேண்டும். அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் மறை கப்புகளில் இடதுபக்கக் கப் சாதாரணமாகக் கழன்றது. வலதுபக்கக் கப் அசையவில்லை. பானாவில் இரண்டடிப் பைப்பைச் செருகி, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். கடைசியில் பிரேமோடு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

“தம்பி, அது லெஃப்ட் மறை. நீங்க காலையிலேருந்து இறுக்கிக்கிட்டு இருக்கீங்க.”

வலதுபக்கக் கப்புக்கு மறை எதிர்ப்பக்கம். கடிகார முள் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழலும். அவர் திருப்பினார், மூன்றாவது தட்டில் கழன்றது.

மோட்டாரின் தண்டு உள்ளே போகக் குழாயின் உள்விட்டம் 33.5 மில்லிமீட்டர் வேண்டும், அகலம் 68. என் பிரேமில் அகலம் சரியாக 68. உள்ளே வெல்டிங் பிசிறு ஒரு இடத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அரைவட்ட அரத்தால் இருபது நிமிடம் ராவியதும் தண்டு வழுக்கிப் போனது. இறுக்கும் நட்டுக்குத் தனிச் சாவி வேண்டும். அதையும் பெரியவரே பழைய பைப்பில் நான்கு பல் வெட்டி 350 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார்.

ஒரு விஷயம் முக்கியம். மோட்டார் பலமாக இழுக்கும்போது அதன் உடம்பு மேல்நோக்கி எழும்பிப் பிரேமின் கீழ்க்குழாயை முட்டும். அப்படி முட்டி முட்டி நட்டு தளரும். முதல் 40 கிலோமீட்டரில் எனக்குத் தளர்ந்தது. உடம்பைக் குழாயோடு ஒட்டி உட்காரும்படி திருப்பி, நடுவில் பழைய டியூபை நான்கு மடிப்பாக மடித்து வைத்து, கூட வந்த பட்டைத் தகட்டையும் பூட்டி இறுக்கினேன். அதன் பிறகு தளரவில்லை. நட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு விலகினால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கியர்தான் பாதி மோட்டார்

முதல் ஏற்றத்துக்குப் பழைய கியர்களோடேயே போனேன். முன்னால் 44, பின்னால் பெரியது 28. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் இந்தச் சேர்க்கையில் வேகம் 13.5 கிலோமீட்டர். ஏற்றத்தில் அந்த வேகம் எனக்கும் மோட்டாருக்கும் சேர்த்தே கிடையாது. எனவே சுற்று 45க்கு இறங்கியது, பழைய உறுமல் மறுபடி கேட்டது. ஆறாவது வளைவில் நானே நிறுத்தித் திரும்பிவிட்டேன். நடு மோட்டாரை வாங்கி, அதைத் தப்பான கியரில் ஓட்டினால் அதுவும் ஹப் மோட்டார்தான்.

பின்னால் 14-34 ஏழு கியர் ஃப்ரீவீல், அதாவது பின்பல் அடுக்கு, போட்டேன். பெரிய சைக்கிள் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் டிரெய்லியரில் பழையதன் கை நீளம் 34 பல்லுக்கு எட்டவில்லை. அதையும் மாற்றி, செயினும் புதிது. மூன்றுக்கும் சேர்த்து 1,730 ரூபாய். இப்போது 70 சுற்றில் 11 கிலோமீட்டர். இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று முன்னால் அடாப்டர் வைத்து 38 பல் மாட்டினேன், 2,400 ரூபாய். 70 சுற்றில் 9.6 கிலோமீட்டர். நான் நோட்டில் போட்ட வேகம். 80 நியூட்டன் மீட்டர் இந்தக் கியர் வழியாகச் சக்கரத்தில் சுமார் 71 ஆகிறது. அதற்கு மேல் என் கால். 14 சதவீத ஓரத்துக்கும் போதும்.

அடாப்டரால் ஒரு தொல்லை: முன்பல் சக்கரம் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. அதனால் 34இல் இருக்கும்போது செயின் சாய்ந்து ஓடுகிறது. பின்னோக்கி மிதித்தால் கழன்று விழும். பின்னோக்கி மிதிக்காமல் பழகிக்கொண்டேன். அடுத்த முறை உள்பக்கம் குழிந்து வரும் முன்சக்கரத்தை முதலிலேயே தேடுவேன்.

செயினும் ஒரு முறை அறுந்தது, அது முழுக்க என் கையால் நடந்தது. மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கியரை மாற்றினேன். ‘படார்’ என்று சத்தம். இப்போது மாற்றும் முன் மிதிப்பதை அரை நொடி நிறுத்துகிறேன், மோட்டார் ஓயும், பிறகு கியர், பிறகு மிதி. வளைவுக்கு இருபது அடி முன்னாலேயே 34க்குப் போய்விட வேண்டும், வளைவுக்குள் போய்த் தேடக் கூடாது. செயின் கழற்றும் கருவியும் இரண்டு இணைப்புக் கண்ணியும் எப்போதும் பையில் இருக்கின்றன.

சக்கரமும் பிரேக்கும்

மோட்டாரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்குப் பின்சக்கரம் வேறு பாடம் வைத்திருந்தது. நடு மோட்டாரின் இழுவை பெரும்பாலும் செயின் பக்கக் கம்பிகள் மேல் விழுகிறது, அதன் மேல் என் எடை. இரண்டு வாரத்தில் மூன்று கம்பி அறுந்தது, எல்லாம் செயின் பக்கம். சைக்கிள் கடை அண்ணன் கோட்டம் எடுத்துக் கொடுத்தார், மறுவாரம் மறுபடி கோட்டம். “இந்தக் கம்பி உங்களுக்குத் தாங்காதுண்ணே, 13 கேஜ் போட்டு வேற வீல் கட்டிருவோம்” என்றார். நான் அவரை அண்ணன் என்கிறேன், அவர் என்னை அண்ணே என்கிறார், இப்படித்தான் போகிறது. 36 துளை, இரட்டைச் சுவர் ரிம், 13 கேஜ் கம்பி, கட்டுக்கூலியோடு 3,200 ரூபாய். அதன் பிறகு ஒரு கம்பிகூடப் போகவில்லை. கனத்த ஆள் என்றால் மோட்டாருக்கு முன் இந்தச் சக்கரத்தைக் கட்டுங்கள். டயரில் 55 பிஎஸ்ஐ வைக்கிறேன்.

இறக்கத்தில் இந்த மோட்டார் பிரேக் பிடிக்காது. 145 கிலோவும் பிரேக் கட்டையின் தலையில்தான். ஆறாவது வளைவிலிருந்து திரும்பிய அன்றைக்கே பின் டிஸ்க் நீலம் பாரித்து, கட்டை கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. முன்னால் 180 மி.மீ. தட்டும் அதற்கான தாங்கியும், இரண்டு பக்கமும் புதுக் கட்டைகளும் 2,100 ரூபாய். இறங்கும்போது மூன்று வளைவுக்கு ஒரு தடவை நின்று ஆறவிடுகிறேன். பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விட்டுவிட வேண்டும். இரண்டு இறுக்கலுக்கு நடுவில் தட்டு ஆறும்.

ஏறிய நாள்

காலை 6:10க்கு அடிவாரம். பேட்டரி 41.6 வோல்ட். டிஸ்ப்ளேயில் வேக வரம்பு 25. மோட்டார் உதவி ஐந்தில் மூன்று. மைத்துனர் குட்டி யானையில் பின்னால் வந்தார், அவரிடம் இரண்டு வளைவு பின்தங்கியே வரச் சொல்லியிருந்தேன்.

நான்காவது வளைவில் பழைய நினைவில் காதைத் தீட்டிக்கொண்டேன். மோட்டார் சத்தம் மாறவில்லை. 70 சுற்று, ஒன்பதரை கிலோமீட்டர். ஒன்பதாவது தாண்டியதும் நிழல் அடர்ந்தது, காற்று குளிர்ந்தது. பன்னிரண்டில் நிறுத்தி அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினேன்: மோட்டார் ஓடு 71 டிகிரி. கை வைக்க முடியாது, ஆனால் வாடை இல்லை. பதினைந்து நிமிடம் உட்கார்ந்தேன், 52க்கு இறங்கியது. பதினாறில் உள்ஓரம் எடுக்க வேண்டி வந்தது, எதிரில் வாழைத்தார் ஏற்றிய வண்டி. வேகம் 6க்கு இறங்கியது. எழுந்து நின்று மிதிக்காமல், உட்கார்ந்தே ஏறினேன். பதினெட்டைத் தாண்டும்போது நிறுத்திய நேரம் சேர்த்து ஒரு மணி ஐம்பத்து மூன்று நிமிடம். வாட் மீட்டரில் செலவு 9.4 ஆம்பியர் அவர். பேட்டரி 35.9 வோல்ட். முட்டியில் வலி இல்லை. தோட்டத்தில் மைத்துனரின் மனைவி சுக்குமல்லி காபி கொடுத்தார், கை நடுங்காமல் வாங்கிக் குடித்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் 33,000, பேட்டரி 17,500, சக்கரம் 3,200, ஃப்ரீவீல் வகையறா 1,730, முன்பல் 2,400, லேத் 350, பிரேக் 2,100. மொத்தம் 60,280. வீணானது: முதல் மோட்டார் 11,500, அதன் பல்சக்கரம் 1,800, இரண்டாவதில் விற்ற நஷ்டம் 2,500. அந்த 15,800இல் ஒரு நல்ல சக்கரமும் பிரேக்கும் போக மிச்சத்துக்கு இன்னொரு சின்ன பேட்டரியே கட்டியிருக்கலாம்.

எடை 80க்குள் இருந்து, ஏற்றம் மேம்பாலம் அளவே என்றால் 250 வாட் ஹப் மோட்டாரே போதும். செயின் தேயாது, கியர் பற்றி யோசிக்க வேண்டாம், விலையும் மூன்றில் ஒன்று. காரைக்குடிக்குள்ளேயே ஓட்ட அதைத்தான் நானும் சொல்வேன். நடு மோட்டாரில் செயினும் ஃப்ரீவீலும் சீக்கிரம் தேயும். 900 கிலோமீட்டரில் என் செயின் முக்கால் சதவீதம் நீண்டுவிட்டதாக அளவுகோல் காட்டுகிறது, மாற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. கியர் மாற்றும்போது மோட்டாரைத் தானாக ஒரு நொடி நிறுத்தும் ஷிஃப்ட் சென்சார் ஒன்று கியர் கேபிளில் மாட்ட வேண்டும். மோட்டாரின் உள்சூட்டை ஓட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேட் வைத்துப் பார்க்க வேண்டும், 71 டிகிரி மே மாதத்தில் எவ்வளவாகும் என்று கவலை இருக்கிறது. அதற்குள் மைத்துனர் தன் சைக்கிளையும் கொண்டுவந்து பின்கட்டில் நிறுத்திவிட்டார். அவர் எடை 96. நேற்று அவர் பிரேமின் பெடல் குழாயை வெர்னியரால் அளந்தோம்: அகலம் 73, உள்விட்டம் 33.6. வலதுபக்கக் கப்பில் சாக்பீஸால் கழற்ற வேண்டிய திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.